மோட்டாரில் ஸ்வஸ்திகா.. 1933-ல் ஸ்வீடன் கம்பெனி அதைக் கழற்றியது ஏன்? 'அசேயா' முதல் 'ஏபிபி' வரை நடந்தது என்ன?

ஸ்வீடனில் நூறு வருடத்துக்கு முன்னால் செய்த ஒரு மின் மோட்டார். கனமான இரும்பு உடம்பு. பக்கத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு. அதில் கம்பெனி பெயரும், கூடவே ஒரு ஸ்வஸ்திகாவும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பார்த்ததும் யாருக்கும் மனசில் வருவது ஹிட்லர்தான். ஆனால் இந்த லோகோ புழக்கத்துக்கு வந்தபோது நாஜிக் கட்சி என்ற ஒன்றே கிடையாது. ஹிட்லர் ஆஸ்திரியாவில் பள்ளிக்கூடம் போகும் சிறுவன். அந்த மோட்டாரைச் செய்த கம்பெனியின் பெயர் 'அசேயா'. ஸ்வீடன் மொழியில் 'பொது ஸ்வீடிஷ் மின்சார நிறுவனம்' என்று பொருள்படும் நான்கு சொற்களின் முதல் எழுத்துகள் அவை. ஆசியா கண்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து 1933 வரை ஸ்வஸ்திகாதான் அந்தக் கம்பெனியின் அடையாளம். அதன் பிறகு ஒரே அடியாக நீக்கிவிட்டார்கள். காரணம், பக்கத்து நாட்டில் ஏறிய ஒரு கொடி.

அதே கம்பெனிதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த 'ஏபிபி'யின் முதல் எழுத்து. அதன் தொழில்நுட்ப வாரிசு ஒன்று தமிழ்நாட்டின் புகளூர் வரைக்கும் வந்து நிற்கிறது. இந்தக் கதையை முதலில் இருந்து பார்க்கலாம்.

யார் இந்த அசேயா?

1883-ம் ஆண்டு. எடிசனின் மின் விளக்கு உலகத்தைச் சுற்றிவரத் தொடங்கியிருந்த நேரம். ஸ்டாக்ஹோமில் லுட்விக் ஃப்ரெட்ஹோம் என்ற தொழிலதிபர் மின் கருவிகள் செய்வதற்காக ஒரு கம்பெனி தொடங்குகிறார். பணம் அவருடையது, மூளை யோனாஸ் வென்ஸ்ட்ரோம் என்ற இளம் பொறியாளருடையது. வென்ஸ்ட்ரோம் வடிவமைத்த டைனமோவை, அதாவது மின்சாரம் உண்டாக்கும் இயந்திரத்தை, செய்து விற்பதுதான் திட்டம்.

யோனாஸின் சகோதரர் யோரான் வென்ஸ்ட்ரோமும் சும்மா இருக்கவில்லை. அவரும் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து வெஸ்டெரோஸ் நகரில் தனியாக ஒரு மின்சாரக் கம்பெனி தொடங்கினார். 1890-ல் இரண்டும் இணைந்தன. அப்படிப் பிறந்ததுதான் அசேயா. தலைமையகம் வெஸ்டெரோஸ். ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே, மெலாரன் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். இந்தக் கம்பெனியால்தான் அது பெரிய தொழில் நகரமாக வளர்ந்தது.

யோனாஸ் வென்ஸ்ட்ரோமின் பெரிய சாதனை த்ரீ ஃபேஸ் மின்சாரம். பம்ப் செட் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். "த்ரீ ஃபேஸ் எப்போ வரும்?" என்று காத்திருப்பவர்கள் அவர்கள். ஒரே கம்பியில் ஏறி இறங்கும் மின்சாரத்துக்குப் பதிலாக, மூன்று கம்பிகளில் ஒன்றன் பின் ஒன்றாக அலை வருகிறது. அதனால் மோட்டாருக்குள் ஒரு சுழலும் காந்தப்புலம் தானாகவே உண்டாகிறது. மோட்டார் திக்கித் திணறாமல் சீராகச் சுற்றும்.

இதைக் கண்டுபிடித்தது வென்ஸ்ட்ரோம் மட்டுமல்ல. டெஸ்லா, ஜெர்மனியில் வேலை பார்த்த ரஷ்யர் டோலிவோ-டோப்ரவோல்ஸ்கி என்று பலரும் ஒரே காலத்தில் ஆளுக்கொரு மூலையில் இதே பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். 1891-ல் ஜெர்மனியில் லாஃபன் என்ற ஊரில் இருந்து ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தூரம் த்ரீ ஃபேஸ் மின்சாரத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதற்கான ஜெனரேட்டரை வடிவமைத்தவர் சார்லஸ் பிரௌன். அதே வருடம் சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் வால்டர் போவெரி என்பவரோடு சேர்ந்து 'பிரௌன் போவெரி' என்ற கம்பெனியைத் தொடங்கியதும் அவர்தான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பவும் வரும்.

லாஃபன் ஒரு கண்காட்சி. அசேயா 1893-ல் செய்தது தினசரிப் பிழைப்புக்கானது. ஹெல்ஷோன் என்ற இடத்தில் அருவி நீரில் மின்சாரம் எடுத்து, கிரெங்கஸ்பெர்க் இரும்புச் சுரங்கத்துக்குக் கம்பி வழியாக அனுப்பினார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் சுரங்கத்து இயந்திரங்கள் எங்கோ விழும் தண்ணீரின் பலத்தில் ஓடின. ஆறும் அருவியும் நிறைய உள்ள, நிலக்கரி அதிகம் இல்லாத ஸ்வீடனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ரெட்ஹோம் இதைப் பார்க்கவில்லை, 1891-லேயே இறந்துவிட்டார். வென்ஸ்ட்ரோமும் அதே 1893 டிசம்பரில் காலமானார். வயது வெறும் 38.

சரி, ஸ்வஸ்திகா எப்படி வந்தது?

நமக்கு இந்தச் சின்னம் புதிதல்ல. வாசல் கோலத்தில், பூஜை அறையில், புதுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். 'நலம் உண்டாகட்டும்' என்ற பொருளில் பிறந்த சொல் அது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை 'ஸ்வஸ்திஸ்ரீ' என்றுதான் ஆரம்பிக்கும்.

ஐரோப்பாவிலும் பழங்காலத்துப் பானைகள், நகைகள், ஆயுதங்களில் இந்த வடிவம் உண்டு. ஆனால் 19-ம் நூற்றாண்டில் அது திடீரென்று ஃபேஷன் ஆனதற்கு ஒரு முக்கியக் காரணம் ஹைன்ரிக் ஷ்லீமன். பழைய கிரேக்கக் காவியத்தில் வரும் ட்ராய் நகரத்தைத் தேடி 1870-களில் துருக்கியில் தோண்டிய ஜெர்மானியர். அங்கே கிடைத்த பொருள்களில் ஸ்வஸ்திகா நிறைய இருந்தது. அவர் எழுதிய புத்தகங்கள் பரபரப்பாக விற்க, சின்னமும் பரவியது. அதிர்ஷ்டச் சின்னம் என்று வாழ்த்து அட்டையில் போட்டார்கள், நகையில் பதித்தார்கள், பொட்டலத்தில் அச்சடித்தார்கள்.

டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி அதை டிரேட்மார்க்காக வைத்திருந்தது. கோபன்ஹேகனில் அந்த ஆலையின் வாசலைத் தாங்கி நிற்கும் கல் யானைகளின் மேல் இன்றைக்கும் அந்தச் சின்னம் இருக்கிறது. 1901-ல் கட்டிய வாசல் அது. அயர்லாந்தின் டப்ளினில் 1912-ல் தொடங்கிய ஒரு சலவை நிலையத்தின் பெயரே 'ஸ்வஸ்திகா லாண்டரி'.

இந்த வரிசையில் ஒன்றுதான் அசேயா. வட்டத்துக்குள் ஸ்வஸ்திகா. நான்கு கைகள் ஒரே பக்கமாக மடங்கி, ஓடிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும் அந்த வடிவம் சுழலும் இயந்திரம் விற்கும் கம்பெனிக்குப் பொருத்தமாகவும் இருந்தது. அந்தக் காலத்து ஸ்வீடன்காரருக்கு அதைப் பார்த்தால் மோட்டார்தான் ஞாபகம் வரும்.

மூழ்க இருந்த கப்பலை மீட்டவர்

நிறுவியவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள், போட்டி அதிகம், பணப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. 1900-களின் தொடக்கத்தில் அசேயா தள்ளாடியது. 1903-ல் வால்லன்பெர்க் குடும்பத்தின் வங்கி ஆதரவோடு புதிய தலைவர் வந்தார், பெயர் சிக்ஃப்ரிட் எட்ஸ்ட்ரோம். அதற்கு முன் கோத்தன்பர்க் நகரத்து டிராம் வண்டிகளை நிர்வகித்தவர்.

எட்ஸ்ட்ரோம் 30 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், ரயில் என்ஜின் என்று கம்பெனி விரிந்தது. ஸ்வீடனின் வட கோடியில், கிருணா சுரங்கத்தில் இருந்து நார்வே எல்லைவரை செல்லும் இரும்புத்தாது ரயில் பாதை 1915-ல் மின்மயமானபோது அந்த வேலையில் ஜெர்மனியின் சீமென்ஸோடு அசேயாவும் இருந்தது. வெஸ்டெரோஸ் நகரக் கட்டடக் கலைஞர் எரிக் ஹார் வடிவமைத்த பெரிய செங்கல் தொழிற்கூடங்கள் ஊரின் முகமாக மாறின.

விளையாட்டு ரசிகர்களுக்கு எட்ஸ்ட்ரோம் வேறு வகையில் தெரிந்திருக்கலாம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கை நடத்தியவர்களில் ஒருவர் அவர். உலகத் தடகள சம்மேளனத்தின் முதல் தலைவர். பின்னாளில் 1946 முதல் 1952 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர். ஒரு மோட்டார் கம்பெனி முதலாளி உலக விளையாட்டையும் ஆட்டி வைத்திருக்கிறார்!

கொடி ஏறியது, லோகோ இறங்கியது

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே தீவிர தேசியவாதக் குழுக்கள் ஸ்வஸ்திகாவை 'ஆரிய இனத்தின் அடையாளம்' என்று சொல்லி எடுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன. 1920-ல் நாஜிக் கட்சி தனக்கென்று ஒரு கொடியை வைத்துக்கொண்டது. சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம், அதற்குள் சாய்த்து வைத்த கறுப்பு ஸ்வஸ்திகா. கடைசி வடிவத்தை முடிவு செய்தது தான்தான் என்று ஹிட்லர் தன் சுயசரிதையில் பெருமை அடித்திருக்கிறார்.

1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் ஜெர்மனியின் பிரதமரானார். அடுத்த மார்ச் மாதமே நாஜிக் கொடியை, பழைய கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கொடியோடு சேர்த்துப் பறக்கவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1935 செப்டம்பரில் அது மட்டுமே தேசியக் கொடி என்றானது. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்ததும் அதே நாள்தான், அதே ஊரில்தான், நூரெம்பெர்க்கில்.

கொடியைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். லோகோ என்பது பொருளோடு ஒட்டியது. மோட்டாரை வாங்கினால்தான் அந்தத் தகடு கண்ணில் படும். கொடி அப்படி இல்லை. அரசாங்கக் கட்டடத்தில், தெருவில், கப்பலில், செய்திப் படத்தில், தபால்தலையில் என்று கேட்காமலே கண்ணில் வந்து விழும். சில மாதங்களிலேயே உலகம் முழுக்க ஸ்வஸ்திகா என்றால் அந்த ஒரு கொடிதான் என்றாகிவிட்டது. நாற்பது வருடம் மோட்டாரில் இருந்த அர்த்தத்துக்கு அதற்கு முன்னால் நிற்கும் பலம் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1933 மே மாதம் ஜெர்மனியில் 'தேசியச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம்' வந்தது. கட்சி ஆட்சிக்கு வந்ததும் காசு பார்க்க நினைத்த வியாபாரிகள் பொம்மையிலும் மிட்டாயிலும்கூட ஸ்வஸ்திகாவை ஒட்டி விற்க, அதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம். உலகத்தின் பொதுச் சொத்தாக இருந்த ஒரு வடிவத்துக்கு ஒரு கட்சி பட்டா போட்டுக்கொண்டது என்றே சொல்லலாம்.

அதே 1933-ல்தான் அசேயா தன் லோகோவில் இருந்து ஸ்வஸ்திகாவை நீக்கியது. காரணம் நேரடியானது. நாஜி ஜெர்மனியோடு தொடர்புபடுத்திப் பார்ப்பார்கள் என்பதுதான். அதற்குப் பிறகு வெறும் நான்கு எழுத்துகளே கம்பெனியின் முகம். எட்ஸ்ட்ரோம் நிர்வாகத் தலைவர் பொறுப்பில் இருந்து நகர்ந்ததும் அந்த வருடம்தான்.

முன்னாடியே எங்களுடையது, நாங்கள் ஏன் விட வேண்டும் என்று அசேயா வாதாடியிருக்கலாம். நியாயமும் அதன் பக்கம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் தகட்டைக் காட்டி, இது அந்த ஸ்வஸ்திகா இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? விளக்கம் சொல்ல வேண்டி வந்த அன்றைக்கே ஒரு லோகோ தோற்றுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விடாமல் பிடித்தவர்கள் கதி என்ன?

எல்லோரும் அசேயா மாதிரி உடனே விட்டுவிடவில்லை. கார்ல்ஸ்பெர்க் 1930-களிலேயே நிறுத்திக்கொண்டது. டப்ளின் சலவை நிலையம் பெயரை மாற்றாமல், 'நாங்கள் முன்பே வந்தவர்கள்' என்று காட்ட 1912 என்ற வருடத்தை மட்டும் பெயரோடு சேர்த்துக்கொண்டது. போர் முடிந்து பல வருடம் கழித்தும் அந்த வண்டிகள் ஸ்வஸ்திகாவோடு டப்ளின் தெருக்களில் சுற்றின.

கப்பல் கம்பெனிகளுக்கு இது இன்னும் சிக்கலான விஷயம். ஒவ்வொரு கப்பல் நிறுவனத்துக்கும் தனிக் கொடி உண்டு, துறைமுகத்தில் அதுதான் அடையாளம். ஐஸ்லாந்தில் 1914-ல் தொடங்கிய எய்ம்ஸ்கிப் கம்பெனியின் கொடியே வெள்ளைத் துணியில் நீல ஸ்வஸ்திகா. அந்தச் சின்னத்தை அவர்கள் முழுமையாக விட்டது 1989-ல்!

ஃபின்லாந்தின் கதை வேறு மாதிரி, அதற்கு ஆரம்பமும் ஸ்வீடன்தான். 1918-ல் எரிக் ஃபான் ரோசன் என்ற ஸ்வீடன் பிரபு, புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஃபின்லாந்துக்கு ஒரு விமானத்தைப் பரிசாகக் கொடுத்தார். அதில் அவருக்குப் பிடித்த அதிர்ஷ்டச் சின்னமான நீல ஸ்வஸ்திகா வரைந்திருந்தது. அதையே ஃபின்லாந்து விமானப்படை தன் அடையாளமாக ஏற்றது. 1945 வரை விமானங்களில் இருந்தது. விமானப்படைத் தலைமையகத்தின் சின்னத்தில் இருந்து சமீப வருடங்களில்தான் சத்தமில்லாமல் காணாமல் போனது. 2020-ல்தான் வெளி உலகம் அதைக் கவனித்தது. படைப்பிரிவுகளின் கொடிகளில் மிச்சம் இருப்பதையும் நீக்கப்போவதாக 2025-ல் செய்தி வந்தது.

நாஜிகளுக்கு முன்பே வந்த சின்னம் என்ற ஃபின்லாந்தின் வாதம் உண்மைதான். ஆனால் பரிசு கொடுத்த பிரபுவின் மைத்துனியை மணந்தவர் ஹெர்மன் கோரிங், ஹிட்லரின் வலதுகை. அந்தப் பிரபுவும் பின்னாளில் நாஜிகளுக்கு நெருக்கமானவர். அதனால் 'சம்பந்தமே இல்லை' என்று சொல்லும்போது ஃபின்லாந்துக்குக் கொஞ்சம் தடுமாற்றம் வரத்தான் செய்யும்.

லோகோ போனதும் எல்லாம் சரியாகிவிட்டதா?

அப்படிச் சொல்ல முடியாது. அசேயா சின்னத்தை எடுத்தது நல்ல முடிவு, ஆனால் அதை ஒரு பெரிய எதிர்ப்புக் குரலாக நினைத்துக்கொண்டால் தவறு. அது வியாபாரக் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் ஸ்வீடன் நடுநிலை நாடு. ஆனால் அதன் இரும்புத்தாது ஜெர்மனிக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. கிருணா சுரங்கத்து ரயில்கள் அதைச் சுமந்து துறைமுகம் சேர்த்தன. மேலே பார்த்த, 1915-ல் மின்மயமான பாதை அந்த வழித்தடத்தின் ஒரு பகுதிதான்.

எட்ஸ்ட்ரோமும் அப்படியே. கம்பெனி ஸ்வஸ்திகாவை விட்ட மூன்று வருடத்தில் அந்தக் கொடிகளுக்கு நடுவே பெர்லின் ஒலிம்பிக் நடந்தது. அதைப் புறக்கணிக்க வேண்டும் என்று எழுந்த குரல்களுக்கு எதிராக நின்ற ஒலிம்பிக் நிர்வாகிகளில் அவரும் ஒருவர்.

வைரம், கடலடி மின்சாரம், ரோபோ

போருக்குப் பிறகு அசேயாவின் பொற்காலம். 1952-ல் ஸ்வீடனின் வட கோடி அணை மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவர, சுமார் 950 கிலோமீட்டருக்கு 380 கிலோவோல்ட் லைன் ஓடியது. அந்த மின்னழுத்தத்தில் உலகத்திலேயே அதுதான் முதல்.

1953 பிப்ரவரி 16-ல் நடந்தது சுவாரஸ்யமான விஷயம். அசேயாவின் ரகசியக் குழு ஒன்று பயங்கரமான அழுத்தத்திலும் வெப்பத்திலும் கார்பனை வைத்துச் செயற்கை வைரம் செய்துவிட்டது. மணல் துகள் அளவுதான், நகைக்கு ஆகாது. ஆனால் அசல் வைரம். அதற்கான கருவியை உருவாக்கியவர் பால்ட்சார் ஃபான் ப்ளாட்டன். மோட்டாரே இல்லாமல், வெப்பத்தில் ஓடும் ஃப்ரிட்ஜைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். சாதித்ததை அசேயா வெளியில் சொல்லவில்லை. 1955-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் 'நாங்கள் வைரம் செய்துவிட்டோம்' என்று அறிவிக்க, பெயரும் புகழும் அவர்களுக்குப் போனது. இவர்கள் முந்தியும் கோட்டைவிட்டார்கள்!

இதைவிடப் பெரிய விஷயம் 1954-ல் நடந்தது. ஸ்வீடன் கரையில் இருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தூரத்தில் காட்லாந்து தீவு. கடலுக்கு அடியில் கேபிள் போட்டு மின்சாரம் அனுப்ப வேண்டும். நம் வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை அவ்வளவு நீளக் கடலடி கேபிளில் அனுப்ப முடியாது. ஏசி ஒரு நொடிக்குப் பலமுறை திசை மாறும். ஒவ்வொரு முறையும் கேபிள் ஒரு பெரிய தொட்டிபோல் நிரம்பி வடியும். நீளம் கூடக்கூட அதிலேயே திறன் முழுதும் தீர்ந்துபோகும், மறுமுனைக்கு எதுவும் மிஞ்சாது. டிசி மின்சாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை நிரம்பினால் போதும்.

ஆனால் பெரிய அளவில் ஏசியை டிசி ஆக்கி, மறுபடி ஏசி ஆக்குவது எப்படி? அசேயாவின் ஊனோ லாம் என்ற பொறியாளர் 1929-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கி, இருபத்தைந்து வருடம் விடாமல் உழைத்தார். காற்றில்லாத கலத்துக்குள் பாதரசம். அதன் வழியாக மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே பாயும், ஒன்வே தெரு மாதிரி. 100 கிலோவோல்ட், 20 மெகாவாட். இன்றைய கணக்கில் சின்னதுதான். ஆனால் வணிக ரீதியாக ஓடிய முதல் உயர் அழுத்த டிசி இணைப்பு அது. 'ஹெச்விடிசி' என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

1974-ல் இன்னொரு பாய்ச்சல். 'ஐஆர்பி 6' என்ற ரோபோ. முழுக்க மின்சாரத்தில் ஓடும், மைக்ரோபிராசஸர் வைத்த தொழிற்சாலை ரோபோ, ஆறு கிலோ எடையைத் தூக்கும். தெற்கு ஸ்வீடனில் ஒரு சின்னப் பட்டறைதான் முதலில் வாங்கியது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வளைவுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் சலிப்பான வேலையை அதனிடம் கொடுத்தார்கள்.

ஏபிபி ஆனது எப்படி?

1987 ஆகஸ்ட் 10. ஐரோப்பியத் தொழில் உலகத்துக்கு ஒரு அதிர்ச்சி. அசேயாவும் சுவிட்சர்லாந்தின் பிரௌன் போவெரியும் இணைகின்றன. ஆமாம், லாஃபன் ஜெனரேட்டரை வடிவமைத்த அதே சார்லஸ் பிரௌன் தொடங்கிய கம்பெனி. த்ரீ ஃபேஸ் பந்தயத்தில் நூறு வருடத்துக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் ஓடியவர்கள் ஒன்றாகிவிட்டார்கள். சரிபாதிப் பங்கு. தலைமையகம் சூரிக். 1988 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய புதிய கம்பெனியின் முதல் தலைவர் அசேயாவின் பெர்சி பார்னெவிக்.

வெஸ்டெரோஸ் மக்களுக்கு இது லேசான விஷயமல்ல. தங்கள் ஊர்க் கம்பெனியின் நான்கெழுத்துப் பெயர், இப்போது மூன்றெழுத்தில் ஒரே ஓர் எழுத்து. புதிய லோகோ சிவப்பு எழுத்து, நடுவில் கோடு போட்டுப் பிரித்ததுபோல். இன்றைக்கு ஏபிபி அலுவலகங்கள் முன்னால் பறப்பது வெள்ளைத் துணியில் அந்தச் சிவப்பு எழுத்துகள். எந்த மதமும், எந்தக் கட்சியும், எந்த நாடும் உரிமை கொண்டாட முடியாத ஒரு வடிவம்.

அதன் பிறகு ஏற்ற இறக்கம் நிறைய. அமெரிக்காவில் வாங்கிய ஒரு பாய்லர் கம்பெனியின் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகள் கழுத்தை நெரித்து, 2002 வாக்கில் ஏபிபி திவாலாகும் நிலைக்கே போனது. அதே சமயத்தில் பார்னெவிக்குக் கொடுத்த பிரம்மாண்ட ஓய்வூதியம் வெளியே தெரிந்து பெரிய சர்ச்சை. அவர் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதானது.

வணிகப் பிரிவுகளும் ஒவ்வொன்றாகக் கைமாறின. ரயில் பிரிவு 1990-களிலேயே போனது. 2000-ல் அணுசக்திப் பிரிவு போனது. 2020 ஜூலையில் மின் கட்டமைப்புப் பிரிவின் 80.1 சதவீதப் பங்கு ஜப்பானின் ஹிட்டாச்சிக்குப் போனது. மீதியும் 2022-ல் முடிந்தது. ரோபோ பிரிவை ஜப்பானின் சாஃப்ட்பேங்குக்குச் சுமார் 540 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டதாக 2025 அக்டோபரில் ஏபிபி அறிவித்தது.

இதுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது ரயில். 1990-களில் இந்திய ரயில்வே ஏபிபியிடம் தொழில்நுட்பத்தோடு சேர்த்து என்ஜின்கள் வாங்கியது. அதில் வந்த சரக்கு ரயில் என்ஜினை அடிப்படையாக வைத்து மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ஆலை உருவாக்கியதுதான் 'டபிள்யூஏபி-7'. எழும்பூரில் இருந்து தெற்கே ஓடும் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

இரண்டாவது, புகளூர். சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து இங்கே வரும் டிசி மின்பாதை சுமார் 1,800 கிலோமீட்டர் நீளம். 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட். காட்லாந்து இணைப்பைப்போல் 300 மடங்கு திறன். பெல் நிறுவனத்தோடு கூட்டாக இதன் மின்மாற்று நிலையங்களுக்கான ஒப்பந்தத்தை 2016-ல் பெற்றது ஏபிபி. நடுவிலேயே அந்தப் பிரிவு ஹிட்டாச்சிக்குப் போய்விட்டதால் வேலை முடியும்போது பெயர் மாறியிருந்தது. கொங்கு மண்டலத்தில் விளைநிலங்களில் உயர் அழுத்தக் கோபுரங்கள் அமைப்பதை எதிர்த்து 2018-ல் விவசாயிகள் நடத்திய தொடர் போராட்டங்கள் நினைவிருக்கலாம். அவர்கள் எதிர்த்த திட்டங்களில் இந்தப் பாதையும் ஒன்று.

ஊனோ லாமின் தொழில்நுட்ப வாரிசுகள் இன்றும் வேலை பார்க்கும் முக்கிய இடம் ஸ்வீடனின் லுட்விகா நகரம். 1893-ல் அருவி மின்சாரம் போய்ச் சேர்ந்த கிரெங்கஸ்பெர்க் சுரங்கம் அதே நகராட்சிக்குள்தான் இருக்கிறது. 1997-ல் ஹெச்விடிசியின் அடுத்த தலைமுறை முறையைச் சோதிக்க இடம் தேடியபோது, ஏபிபி பொறியாளர்கள் தேர்ந்தெடுத்ததும் அதே ஹெல்ஷோன்-கிரெங்கஸ்பெர்க் வழித்தடம்தான். லுட்விகா தொழிற்சாலை இப்போது இயங்குவது ஹிட்டாச்சி எனர்ஜி என்ற பெயரில்.